கூரைமேல் வைத்த கல்

எனக்கு வாய் அதிகம். தண்ணீர் பிடிக்கிற இடத்தில் என்னோடு சண்டைக்கு வந்து ஜெயித்தவள் எங்கள் லைனில் ஒருத்தியும் கிடையாது. இப்போது பல் விழுந்துவிட்டதால் வார்த்தை கொஞ்சம் வழுக்குகிறது, அவ்வளவுதான். இப்படிப்பட்ட நான் ஒரே ஒரு நாள் நாலு பேர் முன்னால் உண்மையைச் சொல்லியிருந்தால் ஒருத்திக்கு இருக்க இடமாவது மிஞ்சியிருக்கும். சொல்லவில்லை. நான் கிறிஸ்து வேதத்தில் பிறந்தவள். வருஷம் தவறாமல் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன். புளி திருடியது, புருஷனை ஏசியது, பூசை நேரத்தில் தூங்கியது எல்லாவற்றையும் சாமியாரிடம் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை.

கலியாணமாகி வேலூர்ப் பக்கத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு வந்தபோது எனக்குப் பதினாறு வயது. என் புருஷனுக்குச் சுரங்கத்தில் மரம் கட்டுகிற வேலை. பாறையைக் குடைந்துகொண்டே போகும்போது மேலே இருப்பது தலையில் விழாமல் மரத்தை முட்டுக் கொடுத்து நிறுத்த வேண்டும். ஸ்கெலட்டன் என்கிற இடத்தில், சுரங்கத்து ஆட்களுக்காக வரிசையாகக் கட்டிய ஒரு லைனில் வீடு கொடுத்தார்கள். வீடு என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். நாலு பக்கமும் மூங்கில் தட்டி, மேலே தகரம். நிமிர்ந்தால் தலை இடிக்கும். மூங்கிலில் ஆணி நிற்காது என்பதால் தகரத்தைக் கம்பியால் கட்டி, பறக்காமலிருக்க அதன்மேல் கல்லை வைப்பது வழக்கம். கல்லுக்கு எங்கள் ஊரில் என்ன பஞ்சம்? தங்கம் இல்லாத கல்லையெல்லாம் மேலே கொண்டுவந்து மலைமலையாகக் கொட்டி வைத்திருந்தார்கள்.

எனக்கு மகன் பிறந்து ஒரு வயது ஆனபோது ஒரு சின்னக் காற்று அடித்தது. லைனில் எல்லார் வீட்டுத் தகரமும் இருக்க, எங்கள் வீட்டுத் தகரம் மட்டும் எழுந்துபோய் வேலியில் விழுந்தது. நான் உள்ளே தலை வாரிக்கொண்டிருந்தேன். கூரை போனதும் திறந்த வெளியில், அவிழ்த்த தலையும் கையில் சீப்புமாக, சட்டிபானைக்கு நடுவே உட்கார்ந்திருந்தேன். பார்த்தவர்களெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒரு மாதத்துக்கு என்னை எங்கே கண்டாலும் "சீப்பு வோணுமா?" என்றுதான் கேட்டார்கள். எனக்குக் கேலி செய்துதான் பழக்கம், வாங்கிப் பழக்கமில்லை. புருஷனைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாய்யா, பூமியையே முட்டுக் குடுத்து நிறுத்தறேன்னு ஊரெல்லாம் பீத்திக்கிற. உன் ஊட்டுத் தகரத்த நிறுத்தத் துப்பில்ல."

"பெரிய கல்லு வெச்சா தட்டி தாங்காதுமே," என்றார்.

"அதுக்கும் ஒரு முட்டு குடு."

மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு, கயிறும் கழியும் வைத்து, எட்டுக் கருங்கற்களைத் தூக்கிவந்தார். ஒவ்வொன்றும் ஆட்டுக்கல் பருமன். உள்ளே இரண்டு மரம் நிறுத்தி, கற்களைக் கூரைமேல் ஏற்றினார்கள். நான் தெருவில் நின்றுகொண்டு இந்த மூலைக்கு ஒன்று, அந்த மூலைக்கு ஒன்று என்று கை காட்டினேன். அதற்கப்புறம் எவளும் சீப்பைப் பற்றிப் பேசவில்லை.

எதிர் வீட்டில் ஒரு பெண் இருந்தாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள், என்னை அக்கா என்பாள். அவள் புருஷன் எங்கள் கலியாணத்துக்கு அடுத்த வருஷமே சுரங்கத்தில் பாறை விழுந்து செத்துப்போனான். அவன் சாகும்போது அவள் வயிற்றில் மூன்று மாசம். பிறந்தது பெண். தாய் தகப்பன் பிளேக்கில் போய்விட்டார்கள், அண்ணன் தம்பி கிடையாது. சுரங்கத்தில் ஆள் இல்லாத குடும்பத்துக்கு லைனில் வீடு கிடையாது என்பதுதான் சட்டம். ஆனாலும் மேஸ்திரி அவளைத் துரத்தாமல் விட்டிருந்தார். மேஸ்திரி என்றால் எங்களையெல்லாம் வேலைக்கு ஆள் சேர்த்து அழைத்துவந்தவர். லைனில் அவர் வைத்ததுதான் சட்டம். அவர் அவளை விட்டுவைத்ததற்குக் காரணம் இரக்கம் இல்லை. லைனில் பாதிப் பெண்கள் பகலில் தங்கக் கல்லை அரைக்கிற மில்லில் கல் பொறுக்கப் போவோம். எங்கள் பிள்ளைகளை அவள்தான் பார்த்துக்கொண்டாள். அதற்கு ஒவ்வொரு வீட்டிலும் அவளுக்கும் அவள் பெண்ணுக்கும் ஒருவேளைக் களி கொடுத்தோம். அவள் கூரையில் கல் கிடையாது. தூக்கி வைக்க ஆள் வேண்டுமே. சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கி ஏற்றுகிற கூண்டுக்குக் கேஜ் என்று பேர். அதை இழுக்கிற இரும்புக் கயிறு தேய்ந்துபோனால் தூக்கிப் போடுவார்கள். அதில் ஒரு புரியைப் பிரித்து வந்து தகரத்தைக் கட்டியிருந்தாள். "துணி மூட்ட மாதிரி கட்டிக்கிறியே, எங்கனா ஊருக்குப் போறியா?" என்று நான் கேலி செய்வேன். அவளும் சிரிப்பாள்.

என் மகன் விழித்திருக்கிற நேரமெல்லாம் அவளிடம்தான் இருந்தான். அவளையும் அம்மா என்றுதான் கூப்பிட்டான். எனக்கு அது பிடிக்காது. பிடிக்கவில்லை என்று சொன்னால் கல் பொறுக்கப் போக முடியாது. அதனால் சொல்லவில்லை.

எங்கள் ஊர் வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். பூமிக்கடியில் சில சமயம் பாறை தானாகவே வெடிக்கும். ஏர் பிளாஸ்ட் என்பார்கள். மேலே இருக்கிற எங்களுக்கு 'டம்' என்று ஒரு சத்தம் கேட்கும், அடுப்பில் இருக்கிற சட்டி ஆடும். சத்தம் கேட்ட மறு நொடி லைனில் இருக்கிற அத்தனை பெண்களும் போட்டது போட்டபடி ஷாஃப்டுக்கு, அதாவது சுரங்கத்தின் வாய்க்கு, ஓட வேண்டும். கேஜ் மேலே வர வர, இறங்குகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். நம் ஆள் வந்துவிட்டால் அழுகை, வராவிட்டாலும் அழுகை. ஓடாமல் வீட்டில் இருந்தவளை ஊர் சும்மா விடாது. புருஷன்மேல் ஆசையில்லாதவள் என்று பேர் வைத்துவிடும்.

ஓடக்கூடாதவள் ஒருத்திதான். தாலியறுத்தவள் ஷாஃப்டு வாசலில் நிற்கக் கூடாது. கேஜிலிருந்து இறங்குகிறவன் முதலில் அவள் முகத்தில் விழித்தால் அடுத்த முறை இறங்கினவன் ஏறமாட்டான் என்று நம்பினோம். வேதக்காரர்கள் என்று பேர்தான், சகுனம் பார்ப்பதில் நாங்களும் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை. அதனால் சத்தம் கேட்டதும் நாங்கள் ஓடுவோம், பிள்ளைகள் அவளோடு நிற்கும். எல்லாருக்கும் வசதியாக இருந்தது.

அந்த நாள் சித்திரை மாதம். என் மகனுக்கு இரண்டு வயது, அவள் பெண்ணுக்கு மூன்று நடந்தது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். சித்திரையில் எதைப் பறக்கவிடும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. காலையிலிருந்தே புழுக்கம். கல் பொறுக்கிவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்து களி தின்றேன். மூன்று மணி இருக்கும், பூதிகோட்டைப் பக்கம் வானம் செங்கல் நிறமாகிவிட்டது. மில்லில் அரைத்துக் கொட்டிய மண்மேடுகளிலிருந்து வெள்ளைப் புழுதி கிளம்பி லைனை மூடியது. கண்ணில் விழுந்தால் எரிகிற புழுதி அது. தட்டியெல்லாம் படபடவென்று அடித்தது. நாங்கள் துணிகளை எடுத்து உள்ளே போட்டோம், கோழிகளைக் கூடையால் மூடினோம். காற்றுக்குப் பயப்படத் தெரியாதவர்கள் நாங்கள். எங்களுக்கு வந்த சாவெல்லாம் அதுவரை கீழேயிருந்துதான் வந்திருந்தது.

அப்போது 'டம்' என்று ஒரு சத்தம். அடுப்பில் சட்டி ஆடியது.

அடுத்த நொடி லைன் முழுவதும் ஒரே ஓலம். என் புருஷன் காலை ஷிஃப்டில் இறங்கியிருந்தார், இன்னும் ஏறவில்லை. அவர் மரம் முட்டுக் கொடுக்கிறவர், வெடித்தால் முதலில் அவர் தலைமேல்தான். நான் மகனை இடுப்பில் வாரிக்கொண்டு வெளியே வந்தேன். எதிர் வீட்டுக்காரி ஏற்கெனவே ஆறு பிள்ளைகளைக் கையிலும் இடுப்பிலுமாகச் சேர்த்துக்கொண்டு தெருவில் நின்றாள். அவள் பெண் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தது. மற்றப் பெண்கள் ஓடிவிட்டார்கள். நான்தான் கடைசி. என் மகனை அவள் கையில் திணித்தேன்.

"அக்கா, காத்து வர்ற வரத்து நல்லா இல்ல. ஊட்டுக்குள்ள வேணாம். புள்ளைங்கள இட்டுக்கினு போயி அந்த ஓடைப் பள்ளத்துல குந்திக்கறேன்," என்றாள்.

லைனுக்குப் பின்னால் ஆள் ஆழத்துக்கு வறண்ட ஓடை ஒன்று இருந்தது. அவள் வயல்காட்டில் வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவள். காற்று அவளுக்குத் தெரியும். எனக்கு அதெல்லாம் யோசிக்க நேரமில்லை, எரிச்சல்தான் வந்தது.

"பள்ளத்துல குந்தி எம்புள்ள அந்த மண்ணத் தின்னணுமா? எங்க ஊட்டுக்குள்ள போ. கல்லு கீது இல்ல, ஒண்ணும் பறக்காது. போமே உள்ள!"

அவள் தயங்கினாள். நான் அவள் தோளைப் பிடித்து எங்கள் வீட்டுப் பக்கம் தள்ளினேன். ஆமாம், தள்ளினேன். எல்லாரையும் உள்ளே விட்டு, கதவுத் தட்டியை நானே வெளியிலிருந்து இழுத்துக் கட்டிவிட்டு ஓடினேன்.

ஷாஃப்டுக்குப் போவதற்குள் மூன்று இடத்தில் விழுந்தேன். காற்று பின்னாலிருந்து தூக்கிக்கொண்டு போனது. அங்கே வேலி ஓரம் ஐம்பது அறுபது பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு நின்றார்கள். கேஜுக்கு மணி அடிக்கிற ஆள் வெளியே வந்து கத்தினான்.

"கீழ ஒண்ணும் ஆவல! மில்லு புகைக்கூண்டு காத்துல சாஞ்சிட்சி, அந்த சத்தம்தான்! ஊட்டுக்குப் போங்க எல்லாம்!"

யாரும் அசையவில்லை. இப்போது நினைத்தால் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளத் தோன்றுகிறது. அவன் சொன்னது அத்தனையும் நிஜம். ஆனால் அந்த வாசலில் எங்களிடம் உண்மை சொன்ன வழக்கமே கிடையாது. பத்துப் பேர் செத்துக் கிடந்தாலும் "கீழ ஒண்ணும் இல்ல, போங்க" என்றுதான் சொல்வார்கள். எதிர் வீட்டுக்காரி புருஷன் செத்த அன்றும் அப்படித்தான் சொன்னார்கள். அதனால் அவன் போ என்றால் நாங்கள் வேலியை இன்னும் இறுக்கிப் பிடித்தோம். மில் பக்கம் திரும்பியிருந்தாலே புகைக்கூண்டு இல்லை என்று தெரிந்திருக்கும். எங்கள் கண்ணெல்லாம் ஷாஃப்டின் மேல்தான் இருந்தது. அங்கே எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. அரைமணி இருக்கலாம். உடனே திரும்பி ஓடியிருந்தால் பிள்ளைகளை வெளியே எடுக்க நேரம் இருந்தது. பெரிய காற்று அதற்கப்புறம்தான் வந்தது.

அது வந்தபோது நிற்க முடியவில்லை, தரையில் படுத்துவிட்டோம். மண்ணும் சிறு கல்லும் முதுகில் அடித்தன. தகரங்கள் தலைக்குமேல் பறந்தன. ஒன்று வந்து கேஜ் வாசலில் செருகி நின்றது. அந்தக் களேபரத்துக்கு நடுவே கேஜ் ஏறியது. மூன்றாவது தடவை ஏறியதில் என் புருஷன் இறங்கினார். தொப்பியில் களிமண்ணால் ஒட்டிய மெழுகுவத்தி அப்படியே இருந்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை.

"இன்னாமே, எதுக்கு எல்லாம் அழுவுறீங்க? மேல இன்னா ஆச்சு?" என்றார்.

நான் சிரித்தேன். சந்தோஷம் தாங்காமல், புழுதி நிறைந்த வாயைத் திறந்து சிரித்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நீ இருக்கிறாய், அது போதும் என்று சொன்னேன். அவர்தான் வாசலில் செருகியிருந்த தகரத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "புள்ள எங்கமே?" என்று கேட்டார்.

லைனுக்குத் திரும்பியபோது காற்று விட்டு, பெரிய பெரிய துளியாக மழை விழுந்துகொண்டிருந்தது. பாதி வீடுகளுக்குக் கூரை இல்லை. எதிர் வீட்டுத் தகரம் இரும்புப் புரியோடு மொத்தமாகப் போய்விட்டது. தட்டி நாலும் நின்றது, உள்ளே அவள் சட்டியில் வைத்திருந்த தண்ணீர் சிந்தாமல் இருந்தது. பின்னால் ஓடைப் பள்ளத்தில் யாருடையதோ மூன்று ஆடுகள் நனைந்துகொண்டு அசை போட்டபடி படுத்திருந்தன. எங்கள் வீடு மட்டும் இல்லை. காற்று தகரத்தைத் தூக்கப் பார்த்து, கல் கனத்தால் தூக்க முடியாமல், ஆட்டி ஆட்டித் தட்டியைச் சாய்த்திருக்கிறது. முட்டுக்கு வைத்த மரம் முறிந்து எட்டுக் கல்லும் உள்ளே விழுந்துவிட்டன.

என் புருஷனும் இன்னும் நாலு பேரும் தகரத்தைத் தூக்கினார்கள். பாறைக்கு அடியிலிருந்து ஆளை எடுத்துப் பழகின கைகள் அவை, சத்தமில்லாமல் வேலை செய்தன. மூலையில் மடங்கிய தகரத்துக்குக் கீழே ஐந்து பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தன. ஆறாவது ஒரு பெண்பிள்ளைக்குக் கால் முறிந்திருந்தது. நடுவில் எதிர் வீட்டுக்காரி முழங்காலும் கையும் ஊன்றி மாடு மாதிரி நின்றாள். தகரத்தின் விளிம்பு அவள் முதுகைக் கிழித்திருந்தது. ஒரு கல் அவள் தோளைச் சிதைத்துவிட்டுப் பக்கத்தில் கிடந்தது. அவளுக்கு அடியில் என் மகன் இருந்தான்.

நான் அவனைப் பிடுங்கி எடுத்தேன். கை விரல், கால் விரல், தலை, எல்லாம் தடவிப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

"உம்புள்ள நல்லாக்கிறான்க்கா," என்றாள். கழுத்தைத் திருப்ப முடியாமல் தரையைப் பார்த்தபடியே, "எம்பொண்ணு எங்க கீது?" என்று கேட்டாள்.

அது ஒரு முழத் தூரத்தில், அடுப்புக்குப் பக்கத்தில், ஒரு கல்லுக்கு அடியில் கிடந்தது. கால் மட்டும் வெளியே தெரிந்தது. கை நீட்டினால் எட்டுகிற இடம். எனக்கு அப்போதே புரிந்தது. கூரை இறங்கியபோது அவளால் ஒரு பிள்ளைமேல்தான் கவிழ முடிந்தது. ஊரார் பிள்ளையை நம்பி விட்டிருக்கிறார்களே என்று நினைத்தாளா, பக்கத்தில் இருந்தது அதுதானா, தெரியாது. நான் கேட்டதே இல்லை. பதிலை நானே சொன்னேன். "தூங்குதுமே," என்றேன்.

மறுநாள் காலையில் அந்தக் குழந்தையைப் புதைத்தார்கள். ஒரு சின்னச் சாவுக்குக் கூட்டம் எங்கே சேரும்? அன்றைக்கு எந்தப் பக்கம் போனாலும் சாவாக இருந்தது. கோலார் போகிற சாலையில் புளியமரங்கள் வரிசையாகச் சாய்ந்து வண்டி போக வழியில்லாமல் கிடந்தன. அவற்றில் ஒன்றின் கீழே காற்றுக்கு ஒதுங்கிய ஒரு மந்தை ஆடும் மேய்த்தவனும் நசுங்கிப்போயிருந்தார்கள். கோலாரில் தாலுகா கச்சேரிக் கட்டடத்து ஓடுகளெல்லாம் பெயர்ந்துவிட்டன, ஆஸ்பத்திரியில் படுக்க இடமில்லை என்றார்கள். ஊர் ஊராக வைக்கோல் போர் கிளம்பிப் போய் அடுத்த ஊர் முள்ளில் தொங்கியது. தந்திக் கம்பம் விழுந்து, ரயில் பௌரிங்பேட்டை ஸ்டேஷனிலேயே நின்றுவிட்டது. எங்கள் சீமையை மைதானம் என்பார்கள், மலையோ காடோ தடுக்க ஒன்றும் இல்லாத பூமி. காற்று தன் இஷ்டத்துக்கு நடந்து போயிருக்கிறது.

பூதிகோட்டைத் தோப்புகளில் மாங்காய் முழுவதும் உதிர்ந்து கிடப்பதாகச் செய்தி வந்தது. தோப்புக்காரர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்களாம், அள்ளுகிறவன் அள்ளிக்கொள்ளலாமாம். குழந்தையைப் புதைத்துவிட்டு வந்த அதே மத்தியானம் லைன் பெண்கள் கூடையோடு கிளம்பினார்கள். நானும் போனேன். மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு, இரண்டு கூடை அள்ளினேன். அந்த வருஷம் லைனில் எல்லார் வீட்டிலும் ஊறுகாய் இருந்தது.

ஆனால் கால் முறிந்த பெண்ணின் தாய்க்கு ஆத்திரம் அடங்கவில்லை. அடங்காதுதான். யாராவது ஒருத்தர் குற்றவாளியாக வேண்டும் அவளுக்கு. இத்தனை வீடு இருக்க, பாறையை ஏற்றி வைத்திருந்த வீட்டுக்குள் பிள்ளைகளைக் கொண்டுபோய் அடைத்தது யார் என்று தெருவில் நின்று கேட்டாள். புருஷனை முழுங்கியவள் பெற்றதையும் முழுங்கிவிட்டாள், இனி நம் பிள்ளைகளையும் முழுங்குவாள் என்று இன்னொருத்தி எடுத்துக் கொடுத்தாள். "நல்ல வேள, செத்தது பொட்டப்புள்ள. அந்த ஆம்பளப்புள்ள பொழைச்சிதே," என்று என் மகனைக் கொஞ்சினாள் மூன்றாமவள். மூன்று பேரும் எதிர் வீட்டுக்காரி கையால் பிள்ளை வளர்த்தவர்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

மேஸ்திரி மறுநாள் சாயங்காலம் விசாரிக்க வருகிறார் என்று சொன்னார்கள். அன்று காலையில் அவள் என்னிடம் வந்தாள். தோளைச் சேலையால் இறுக்கிக் கட்டியிருந்தாள், அந்தக் கை தொங்கியது.

"அக்கா, மேஸ்திரி வந்தா ஒரே ஒரு வார்த்த சொல்லு. நீ சொன்னதுக்குத்தான் நான் உள்ள போனேன்னு சொல்லு. இல்லன்னா என்னெ லைன உட்டுத் தொரத்திடுவாங்க. நான் எங்க போவேன்? எம்பொண்ணு இங்கதான படுத்துக்கினு கீது."

அவள் கேட்டதெல்லாம் அதுதான். சோறு கேட்கவில்லை. உன் பிள்ளைக்குப் பதில் என் பிள்ளையைக் கொடுத்தேன் என்று சொல்லிக் காட்டவில்லை. "சொல்றேன் போ," என்றேன். சொல்லத்தான் நினைத்தேன், அது சத்தியம்.

சாயங்காலம் மேஸ்திரி லைன் நடுவில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார். சுற்றி எல்லாரும் நின்றோம். அவர் முதலில் என் புருஷனைக் கேட்டார்.

"இவ்ளோ பெரிய கல்ல எவன்யா ஏத்தச் சொன்னது? மரம் கட்டறவனுக்கு இது தெரியாதா? நாளைக்கு உன்ன நம்பி கீழ ஆள அனுப்பறதா வேணாமா?"

என் புருஷன் தலை குனிந்தபடி என்னைப் பார்த்தார். கால் முறிந்த பெண்ணின் தாய் இடுப்பில் கை வைத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த கேள்வி வந்தது.

"புள்ளைங்கள அந்த ஊட்டுக்குள்ள போவச் சொன்னது யாரு?"

எதிர் வீட்டுக்காரி என் பக்கம் திரும்பினாள். கல்லும் எங்களுடையது, வீடும் எங்களுடையது, சொன்ன வாயும் என்னுடையது என்று ஆனால் எங்களை அங்கேயே கிழித்துப் போட்டிருப்பார்கள். என் புருஷனுக்கு வேலை போகும். அப்புறம் லைனை விட்டுப் போவது நாங்கள்தான். இதையெல்லாம் அவ்வளவு சீக்கிரம் யோசிக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"நான் இன்னா கண்டேன்?" என்றேன். "புருசன் செத்துட்டானோன்னு ஓடிக்கினு இருந்தேன். புள்ளய அவ கைல குடுத்தேன், அவ்ளோதான். பள்ளத்துல போயி குந்திக்கோன்னு சொன்னேன். கேட்டாளா?"

அவள் யோசனையைத் திருடி என் யோசனையாகச் சொன்னேன். வெறும் பொய்யோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் அதோடு நிற்காது.

அவள் கத்தவில்லை. மண்ணை வாரித் தூற்றவில்லை. என் மகன் என் இடுப்பிலிருந்து அவளிடம் தாவப் பார்த்துச் சிணுங்கிக்கொண்டிருந்தான்.

"பசிக்குது அதுக்கு. எதனா குடுக்கா," என்றாள்.

என் புருஷனுக்கும் தெரியும். நான் எப்படிப்பட்டவள் என்று தெரியாதா அவருக்கு? வீட்டுக்கு வந்ததும், "நீதான சொல்லி இருப்ப?" என்று ஒரு முறை கேட்டார். நான் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு சாகிற வரைக்கும் அவர் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவர் கேட்காதது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

கீழே ஆள் இல்லாதவளுக்கு லைனில் வீடு எதற்கு என்று மேஸ்திரி தீர்ப்புச் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் அவள் கிளம்பினாள். பூதிகோட்டைப் பக்கம் காட்டு வேலை ஏதாவது கிடைக்குமா என்று பார்க்கப் போகிறாள் என்றார்கள். ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு என்ன காட்டு வேலை செய்ய முடியும் என்று யாரும் கேட்கவில்லை. அவளிடம் ஒரு சட்டியும் ஒரு மூட்டையும் இருந்தன. பெண்களெல்லாம் கதவுத் தட்டியைச் சாத்திக்கொண்டார்கள். எங்கள் வீட்டைத்தான் இன்னும் கட்டவில்லையே. சாத்திக்கொள்ள எனக்குக் கதவு இல்லை. அடுப்புக்கு முன்னால் குனிந்துகொண்டேன்.

அவள் எங்களைத் தாண்டும்போது என் மகன் பார்த்துவிட்டான். "ம்மா" என்று கத்திக்கொண்டு எழுந்து ஓடினான். என்னை ஒரு நாளும் அவன் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவள் நின்றாள், ஆனால் திரும்பவில்லை. அவன் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டான். இருக்கிற ஒரு கையால் அவன் விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல் பிரித்துவிட்டு, அவள் நடந்தாள். அவன் மண்ணில் உட்கார்ந்து அவள் போன பக்கம் கையை நீட்டி, அம்மா அம்மா என்று அலறினான். லைன் முழுவதற்கும் கேட்டிருக்கும். நான் ஓடிப்போய் அவனைத் தூக்கினேன். வாயைப் பொத்தினேன். அவன் என் கையைக் கடித்துவிட்டு மறுபடியும் கூப்பிட்டான்.

அடித்தேன். அதுவரை அவன்மேல் ஒரு விரல் பட்டதில்லை. அவள் சாலையில் மறைகிற வரைக்கும், அவன் கூப்பிடுவதை நிறுத்துகிற வரைக்கும், அடித்தேன்.